சி5 அண்ணனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும், யோசனை சொல்லுங்கள்

கோபி_தங்கச்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். அண்ணனுக்கு 26 வயது. போன வருஷம் சித்திரையில் கிணற்றில் டைவ் அடித்தபோது தண்ணீர் குறைவாக இருந்ததால் தலை தரையில் மோதிவிட்டது. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டிருக்கிறது, சி5 என்ற மட்டத்தில், முழுமையான பாதிப்பு என்று சொன்னார்கள். தோளைத் தூக்குவார், முழங்கையை மடக்குவார். மடக்கிய கையைத் தானாக நீட்ட வராது. மணிக்கட்டும் விரல்களும் அசையாது. ஆபரேஷன், மறுவாழ்வு சிகிச்சை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் வீல்சேரில் உட்காருகிறார்.

முன்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் கபடி, எங்கள் ஊர் டீமில் ரெய்டர். இப்போது போன்தான். அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் "அடுத்தது" என்று சொல்லச் சொல்லத் தள்ளிவிட வேண்டும். போன வாரம் திடீரென்று "நிறுத்து, போதும்" என்று சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டால் "பொழுது சாயணும்" என்கிறார்.

மாமா ஒருவர் கலர் பென்சில் பெட்டி வாங்கி வந்து கொடுத்தார். எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. கை கால் வராதவர்கள் நிஜமாகவே என்ன செய்து நாளை ஓட்டுகிறீர்கள்? தன்னம்பிக்கைப் பேச்சு மட்டும் வேண்டாம்ங்க, அது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பெரிய செலவும் முடியாது.

ஓடி_அக்கா எழுதியது:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சுருக்கமாகச் சொல்கிறேன்மா. முதலில் அந்தப் போனை அவரே தள்ளட்டும். சி5க்கு முழங்கை மடங்கும், தோள் அசையும், அது போதும். மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளிண்ட் போட்டு, உள்ளங்கையைச் சுற்றி வெல்க்ரோ பட்டை கட்டி, அந்தப் பட்டையில் ஒரு சின்னப் பை தைத்தால் அதில் ஸ்டைலஸ் (போன் திரையைத் தொடும் குச்சி), ஸ்பூன், பிரஷ் எதையும் செருகலாம். யுனிவர்சல் கஃப் என்போம். உள்ளூர் டெய்லரே தைத்துவிடுவார். பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்டைலஸ் வாங்கினால் திரை கேட்காது. உலோகத் தண்டு தோலில் படவேண்டும். காயில் கட்டியவருக்கு ஏன் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பட்டையைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு இருபது நிமிடத்தில் போகவில்லை என்றால் இறுக்கம் அதிகம். அவருக்கு வலி தெரியாது, நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. எந்த விளையாட்டு நடுவிலும் திடீரென்று தலை வெடிப்பது போல் வலி, முகம் சிவந்து வியர்வை என்றால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, யூரின் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். காரணம் கிடைக்கவில்லை, வலியும் குறையவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

ஜன்னலோரம் எழுதியது:

தங்கச்சி, நான் தென்காசிப் பக்கம். 2006ல் புளி உலுக்க ஏறி விழுந்தேன், அப்போது வயது 21. எனக்கும் சி5தான், இடது கையில் மட்டும் கொஞ்சம் சி6 மீதி, அதாவது மணிக்கட்டு கொஞ்சம் தூக்கும். விழுவதற்கு முன் மினி பஸ்ஸில் கண்டக்டர். அதனால் கொஞ்சம் வளவளவென்று பேசுவேன், பொறுத்துக்கொள்ளணும்.

"பொழுது சாயணும்" என்று அண்ணன் சொன்னதைப் படித்ததும் எனக்கு என் முதல் இரண்டு வருஷம் வந்துவிட்டது. நானும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னேன். எங்கள் வீட்டிலும் ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரு இடத்தில் வாயில் பிரஷைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். என் பெயரை எழுதினேன். "ரா" பாம்பு மாதிரி வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் எனக்கு வெறுத்துப்போனது. கோணலாக எழுதியதற்கு இதற்கு முன் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை, டிரிப் ஷீட்டைக் கோணலாக எழுதினால் ஓனர் திட்டத்தான் செய்வார்.

முதலில் என்னைப் பிடித்தது செஸ். பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பையன் போர்டோடு வருவான். நான் சொல்வேன், அவன் காய் நகர்த்துவான். மூன்றாவது நாள் கவனித்தேன், நான் ஜன்னல் பக்கம் பார்க்கிற நேரத்தில் என் யானையைப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளிவிடுகிறான்! டேய் என்று கத்தினேன். விழுந்த பிறகு நான் கோபப்பட்டது அன்றைக்குத்தான். அதுவரை எல்லோரும் என்னிடம் தோற்றுக்கொடுப்பார்கள், விட்டுக்கொடுப்பார்கள். அவன் ஒருத்தன்தான் என்னை ஏமாற்றி ஜெயிக்கப் பார்த்தான். உங்கள் அண்ணனுக்கு நான் தேடச் சொல்வதும் அதைத்தான். அவர் நிஜமாகவே தோற்கக்கூடிய ஒன்று. ரீல்ஸில் யாரும் தோற்க முடியாது, அதனால்தான் சலிக்கிறது.

இப்போது லிச்செஸ் என்ற தளத்தில் ஆடுகிறேன். இலவசம், விளம்பரம் கிடையாது. பிரவுசரில் ஆடினால் வாயால் சொல்லியே காய் நகர்த்தலாம், இங்கிலீஷில் சொல்லவேண்டும். கட்டங்களுக்கு இங்கிலீஷ் எழுத்தில்தான் பெயர், நம்ம உச்சரிப்பில் பியும் டியும் அதற்குக் குழம்பும். "பிராவோ", "டெல்டா" என்று போலீஸ் வயர்லெஸ் மாதிரி சொன்னால் சரியாக எடுத்துக்கொள்ளும். கடிகாரத்தோடு ஆட முடியாத நாளில் ஒரு நகர்த்தலுக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் உள்ள ஆட்டமும் இருக்கிறது. காய்ச்சல் வந்து படுத்தாலும் அது காத்திருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். 2019ல் ஒரு ஆன்லைன் போட்டி. மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தவன் ஐந்து மணி வரை சேரைச் சாய்க்கச் சொல்லவே இல்லை. அம்மா இரண்டு முறை வந்து கேட்டாள், "இருங்க, இருங்க" என்று விரட்டினேன். மறுநாள் இடது பக்கம் புட்டத்தில் சிவப்பு. அடுத்த வாரம் புண். மூன்றரை மாதம் குப்புறவும் ஒருக்களித்தும் கிடந்தேன். போட்டியில் வாங்கியது பதினேழாவது இடம். அண்ணனுக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனால் சந்தோஷப்படுங்கள், அன்றைக்கே அரைமணிக்கு ஒரு அலாரமும் வைத்துவிடுங்கள். அடித்ததும் சேரைப் பின்னால் சாய்த்து இரண்டு நிமிடம். ஆட்டம் நடுவில் இருந்தாலும்.

அந்த மூன்றரை மாதத்தில்தான் பறவைக்கு வந்தேன். குப்புறக் கிடந்தால் தெரிவது தரையும் கட்டில் காலும்தான். மைனி, அதாவது என் அண்ணன் மனைவி, ஓட்டை டிவிஎஸ் 50 ஒன்றின் கண்ணாடியைக் கழற்றிக் கட்டில் சட்டத்தில் இறுக்கிக் கட்டினாள். உள்ளங்கை அளவு கண்ணாடி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு கோணத்தில் வேப்பமரக் கிளையும் ஒரு துண்டு வானமும் தெரிந்தது. முதல் நாள் வந்தது தையல்சிட்டு. இத்தனூண்டு பறவை, வாலைத் தூக்கிக்கொண்டு ஊரையே கூட்டும் சத்தம். அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம், எங்கள் பஸ்ஸில் சந்தை நாளில் ஏறும் பெண்கள் மாதிரி ஏழெட்டுப் பேர் ஒன்றாக வந்து, ஒன்றாகப் பேசி, ஒன்றாக இறங்கிப் போய்விடும். ஏறினது எத்தனை, இறங்கினது எத்தனை என்று எண்ணுவது எனக்கு ஏற்கெனவே பழகின தொழில்.

இதற்கு மெர்லின் என்ற ஆப் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகம் செய்தது, இலவசம். சத்தத்தைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்லும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும், ஆப்பும் ஏமாறும், நானும் ஏமாந்திருக்கிறேன். எண்ணிக்கையை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதியலாம். பொங்கலை ஒட்டி நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015லிருந்து நடத்துகிறார்கள். ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் இருந்து பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிப் பதிந்தால் போதும். மற்றவர்களுக்குப் பதினைந்து நிமிடம் அசையாமல் இருப்பதுதான் கஷ்டம். அந்த விஷயத்தில் நாம் கில்லாடிகள்.

வருஷா வருஷம் ஐப்பசி வாக்கில் ஆறுமணிக் குருவி எங்கள் தோட்டத்துக்கு வரும். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்தெல்லாம் இறங்கி வரும் பறவை. விடியற்காலை ஒருமுறை, சாயங்காலம் இருட்டும் நேரத்தில் ஒருமுறை இரட்டை விசில் அடிக்கும். அது வந்த தேதியை ஆறு வருஷமாகக் குறித்து வைத்திருக்கிறேன். அது வந்துவிட்டதா என்று இப்போது தெருவில் நாலு பேர் என்னைத்தான் கேட்கிறார்கள்.

அண்ணன் மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே பேரிங் போச்சா, காயில் போச்சா என்று சொல்வாரா? சொல்வார் என்றால் அது சாதாரணக் காது கிடையாது.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. எதை ஆரம்பித்தாலும் அதற்கு உங்கள் நேரம் எத்தனை நிமிடம் போகிறது என்று கணக்குப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நீங்கள் அமைத்துக் கொடுத்து, அப்புறம் இரண்டு மணி நேரம் அவரைத் தனியாக விடமுடிகிற காரியம்தான் நிற்கும். நாள் முழுக்க நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டிய பொழுதுபோக்கு, ஒரு மாதத்தில் இரண்டு பேருக்கும் கசந்துவிடும்.

சேலத்து_வீடு எழுதியது:

ஜன்னலோரம் அண்ணா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், ஓவியத்தை அப்படித் தள்ளிவிட்டதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். சி4, அதாவது அடி இன்னும் ஒரு படி மேலே, கையே அசையாது. ஒன்பது வருஷமாக வாயால் வரைகிறார். கைதட்டல் அவருக்கும் பிடிக்காது. வருகிறவர்களிடம் "வாங்கறீங்களா?" என்று கேட்டுவிடுவார், கைதட்டல் அதோடு நின்றுவிடும்.

செய்ய நினைத்தால் சில விஷயம். பிரஷைச் சும்மா வாயில் கடிக்கக் கூடாது. முன்பல் ஆடிப்போகும், எச்சிலும் வழியும். பல் டாக்டரிடம் அச்செடுத்துக் கடவாய்ப் பல்லும் பிடிக்கிற மாதிரிக் கடிவாய் செய்து அதில் குச்சியைச் செருகினோம். பலகை முகத்துக்கு நேராக, கொஞ்சம் முன்னால் சாய்ந்து இருக்கவேண்டும். கீழே குனிந்து வரைய விட்டால் சாயங்காலத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாங்கள் அக்ரிலிக்தான் பயன்படுத்துகிறோம், சீக்கிரம் காய்ந்துவிடும், தப்பாகப் போனால் மேலேயே அடித்துவிடலாம். வாட்டர் கலரில் அந்த வசதி இல்லை, ஒரு சொட்டு எச்சில் விழுந்தால் படம் போச்சு.

வாயாலும் காலாலும் வரைகிறவர்களுக்கு உலக அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. எரிக் ஸ்டெக்மன் என்ற ஜெர்மன் ஓவியர் 1950களில் தொடங்கியது. அவரே வாயால் வரைந்தவர். தலைமையிடம் லிச்சென்ஸ்டைன், மும்பையில் இந்தியக் கிளை உண்டு. படங்களை அனுப்பி அவர்களுக்குத் திருப்தி என்றால் மாணவராகச் சேர்த்து உதவித்தொகை தருவார்கள், படங்களை வாழ்த்து அட்டை, காலண்டராகப் போடுவார்கள். எல்லோருக்கும் கிடைத்துவிடாது.

நிமிடக் கணக்கு சரிதான். எங்கள் வீட்டில் எடுத்து வைக்க இருபது நிமிடம், கழுவி வைக்க இருபது. நான் கசந்துபோகவில்லை. அந்த நடு நேரத்தில்தான் எனக்குத் தூக்கமே.

கோபி_தங்கச்சி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஜன்னலோரம் அண்ணா எழுதியதை அப்படியே சத்தமாகப் படித்துக் காட்டினேன். யானையைத் தள்ளிவிட்ட இடத்தில் சிரித்தார். செஸ் வேண்டாமாம், "உட்கார்ந்து யோசிக்கிறதெல்லாம் நமக்கு ஆகாது" என்றார். பறவையா என்று கேட்டால் "காக்கா இருக்குது, போதும்" என்கிறார். மோட்டார் சத்தம் கேட்டுச் சொல்வாரா என்று கேட்டீர்களே, சொல்வார். எதிர் வீட்டு போர் மோட்டார் ஓடும்போது "பேரிங் போகப்போகுது" என்று படுத்தபடியே சொன்னார், பத்து நாளில் நின்றுவிட்டது.

அவருக்குக் கபடிதான். ஆனால் கபடி என்று பேச்செடுத்தாலே முகம் மாறிவிடுகிறது. அதைப் பேசுவதா, விடுவதா என்று தெரியவில்லை.

ஜன்னலோரம் எழுதியது:

பேசுங்கள். நீங்கள் எல்லோரும் பேசாமல் இருப்பதுதான் அவருக்கு உறுத்தும். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் யாரும் "பஸ்" என்ற வார்த்தையையே சொல்லவில்லை. தெருவில் ஹார்ன் அடித்தால் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள்!

கபடிக்காரர் என்று முதலிலேயே கவனித்திருந்தால் நான் காக்கா குருவிக் கதை சொல்லியிருக்கமாட்டேன். சரி, மூன்று விஷயம் தோன்றுகிறது.

ஒன்று மூச்சு. நமக்கு உதரவிதானம் வேலை செய்யும், நெஞ்சுத் தசையும் வயிற்றுத் தசையும் செய்யாது. அதனால்தான் பேசினால் பாதியில் மூச்சு வாங்குகிறது, இருமல் வலுவாக வராது. மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லியிருப்பார்கள், செய்யமாட்டார், எனக்குத் தெரியும். ரெய்டுக்கு முப்பது விநாடி. ஒரே மூச்சில் எத்தனை "கபடி" வருகிறது என்று தினமும் காலையில் எண்ணுங்கள், நோட்டில் எழுதுங்கள். உட்கார்ந்திருக்கும்போது வயிற்றுப் பட்டை கட்டினால் இரண்டு மூன்று கூடும், டாக்டரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

இரண்டாவது போச்சியா. பாராலிம்பிக்கில் 1984லிருந்து இருக்கிற விளையாட்டு. ஒரு வெள்ளைப் பந்து, ஆறு சிவப்பு, ஆறு நீலம். வெள்ளைக்குப் பக்கத்தில் யார் பந்து நிற்கிறதோ அவருக்குப் பாயிண்ட். கோலிக்குண்டு ஆடினவர்களுக்கு இது புதுசில்லை. பந்தைப் பிடித்து எறிய முடியாதவர்களுக்கு ஒரு சரிவுப் பாதை வைத்து அதில் உருட்டிவிடும் பிரிவு உண்டு. அந்தப் பாதையைத் திருப்ப ஒரு உதவியாளர் இருப்பார். அவர் ஆட்டக்களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு திருப்பணும், பந்தை எவ்வளவு உயரத்தில் வைக்கணும் என்று முடிவெடுப்பது ஆட்டக்காரர் மட்டும்தான். எனக்கு இந்த விதியைக் கேள்விப்பட்டதும் ரொம்பப் பிடித்துப்போனது.

வீட்டில் செய்யலாம். நாலு இஞ்ச் பிவிசி பைப்பை நெடுக்கில் இரண்டாக அறுத்தால் பாதை. பழைய சாக்ஸில் மணலைப் போட்டுச் சின்னதாக உருட்டித் தைத்தால் பந்து. நிஜப் பந்து கிட்டத்தட்ட 275 கிராம், அந்த எடைக்கு வந்தால் ரொம்ப ஓடாமல் நிற்கும். பைப் மேல்முனையில் பந்தை வைத்தால் அண்ணன் பட்டை கட்டிய கையால் தட்டிவிடுவார். முழங்கை மடக்கம் அதற்குப் போதும்.

மூன்றாவது, வீல்சேர் ரக்பி. இதை இப்போதைக்குப் பார்க்க மட்டும் சொல்லுங்கள். 1977ல் கனடாவில் வின்னிபெக்கில், கையும் பாதிக்கப்பட்டவர்களே தங்களுக்கென்று உண்டாக்கியது. வாலிபால் பந்து, பக்கத்துக்கு நாலு பேர். ஒவ்வொருவருக்கும் அவரவர் அசைவைப் பொறுத்து 0.5லிருந்து 3.5 வரை புள்ளி, களத்தில் நிற்கிற நாலு பேர் கூட்டு 8ஐத் தாண்டக்கூடாது. அதனால் குறைந்த அசைவு உள்ள ஆளை வெளியே உட்கார வைக்க முடியாது, அவரை வைத்துத்தான் டீமே கட்டணும். சேரோடு சேர் மோதி ஆள் கவிழ்கிற ஆட்டம். முன்பு இதற்குக் கொலைப் பந்து என்கிற அர்த்தத்தில்தான் பெயரே. கபடிக்காரருக்குப் பிடிக்கவில்லை என்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

வெளியே கூட்டிப்போகப் பயமாக இருக்கும். கழுத்துக்குக் கீழே நமக்கு வேர்க்காது, உடம்பு சூடேறிவிடும். தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலும் ஈரத் துண்டும் எடுத்துக்கொண்டு வெயில் தாழ்ந்து கிளம்புங்கள். தென்பக்கம் வந்தால் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். அதை 1981ல் தொடங்கிய ராமகிருஷ்ணன் ஐயாவுக்கும் கழுத்தில்தான் அடி, 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்தவர். அங்கே நம்மைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்ட மாட்டார்கள். அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று போனால் தெரியும்.

கோபி_தங்கச்சி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும்.

பட்டை தைத்தாச்சு. முதல் டெய்லர் தைத்தது நழுவியது, இரண்டாவது சரியாக வந்தது. போனை இப்போது அவரே தள்ளுகிறார், மெதுவாகத்தான். ரக்பி வீடியோவை முதல் நாள் நாலு முறை பார்த்தார். அன்றைக்கு ராத்திரி அவராகவே டீம் பையன் ஒருவனைக் கூப்பிடச் சொல்லி, போன ஞாயிறு மேட்ச் வீடியோவை வாங்கிப் பார்த்து, "ஆறு பேர் நிக்கறாங்க, போனஸ் லைனைத் தொடாம என்னடா திரும்பி வர்றே?" என்று அரைமணி நேரம் திட்டினார். அவன் மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

கபடி எண்ணிக்கை முதல் நாள் 9. நேற்று 14. வார்த்தையைச் சுருக்கிச் சொல்லி ஏமாற்றுகிறார், அதை எழுதமாட்டேன் என்றேன் நான், பெரிய சண்டை.

அப்பா போர் போட்டபோது மீந்த பைப்பை அறுத்துக் கொடுத்தார். பந்து அம்மா தைத்தது, கொஞ்சம் கோணல், ஒன்று எப்போதும் இடது பக்கம்தான் போகிறது. அதை அண்ணன் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு வேண்டுமென்றே அதையே கேட்கிறார். சாயங்காலம் திண்ணையில் ஆடுகிறோம். அவருக்குப் பைப்பைத் திருப்புவதும் நான், எதிராளியும் நான். நேற்று அவர் பந்து விழும் நேரத்தில் நான் திரும்பிப் பார்த்தேன் என்று சொல்லி எனக்கு இரண்டு பாயிண்டைக் குறைத்துவிட்டார். நான் பார்க்கவே இல்லைங்க.